ஹொங்கசாரிக்குப் போன அம்மைப்பால்

ரீக்கா ஹர்திகைனனின் கை நடுங்கி, வடக்குப் பனிநாட்டு ஏரிக்கரை ஊரான சல்மெலாவில் யாரும் பார்த்ததில்லை. முதுகு வலி, தலைபாரம், பல்வலி என்று எது வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். சவுனா என்ற ஆவிக்குளியல் அறையில் கல் சிவக்கக் காய்ந்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி எழுந்து, உடம்பு நன்றாக வியர்த்த பிறகு அவள் சிறு கத்தியால் தோளில் நாலைந்து கீறல் போடுவாள். கீறிய இடத்தில் மாட்டுக்கொம்பைக் கவிழ்த்து, வாயால் உறிஞ்சி, கெட்ட ரத்தத்தை எடுப்பாள். கீறியதே தெரியாது என்று ஆட்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. ஆனால் அவள் கீறிய இடம் ஒருவருக்கும் சீழ் வைத்ததில்லை என்பது உண்மை.

வயது நாற்பத்து மூன்று. புருஷன் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்க விடும் வேலையில் வெள்ளத்தோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. ஒன்பது வயதில் வந்த பெரியம்மை முகம் முழுக்கக் குழி போட்டுவிட்டு, அதே வாரம் அவளுடைய இரண்டு தம்பிகளையும் கொண்டு போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கேட்டால், “அப்போ நெறைய பேர் போனாங்க,” என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் உபதேசியார் ஆபெலி தோள்வலி என்று அவளிடம் வந்தார். கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும், பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலை. அதோடு பெரியம்மை வராதிருக்கக் குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்தும் வேலையையும் அரசாங்கம் அவர் தலையில் வைத்திருந்தது. குவோப்பியோ பட்டணத்திலிருந்து தபாலில் பால் வரும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே காய்ந்து போன ஒரு பொட்டு. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கண் மங்கல், கை நடுக்கம். அவருடைய குதிரையைத் தூரத்தில் பார்த்தாலே தாய்மார் பிள்ளைகளை வைக்கோலுக்குள் ஒளித்துவிடுவார்கள்.

“கையை ஆட்டாம வையுங்க உபதேசியாரே.”

“அதைச் சொல்லத்தான் வந்தேன் ரீக்கா. இந்தக் கை என் பேச்சைக் கேக்கறதில்லே. பால் குத்தற வேலையை நீ எடுத்துக்கோ.”

“நான் கெட்டதை வெளிய எடுக்கறவ. நீங்க கெட்டதை உள்ள வைக்கறவர். எப்படி ஒத்து வரும்?”

“உள்ள வைக்கறது மாட்டோட அம்மை. கையில நாலு கொப்புளம், ஒரு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அது வந்து போன உடம்புல பெரியம்மை நுழையாது.”

“ஏன் நுழையாது?”

“உனக்கு ஏன் ரெண்டாவது தடவை வரலே?”

“வந்தவங்களுக்குத் திரும்ப வராது.”

“ஏன்?”

அவள் கொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். முப்பத்து நாலு வருஷமாக முகத்தில் சுமந்த விஷயத்தை அவள் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

“ஞாயித்துக்கிழமை பாடற பாட்டை சனிக்கிழமையே பாடிப் பாக்கறோம் இல்லையா?” என்றார் ஆபெலி. “உன் உடம்பு அந்தப் பாட்டை உயிரைப் பணயம் வெச்சுக் கத்துக்கிச்சு. மாட்டம்மை வெறும் ஒத்திகை. ராகம் ஒண்ணுதான். ஒத்திகையில யாரும் சாகறதில்லே.”

ரீக்கா எளிதில் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. இரண்டு வாரம் பதிலே சொல்லாமல் இருந்தாள். பிறகு ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, “எத்தனை ஆழம் கீறணும்?” என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் மாதம் மூன்றாவது ஞாயிறு, கோயில் முடிந்ததும் பதினோரு தாய்மார் பிள்ளைகளோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஆபெலி கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள். ரீக்கா என்பதால் வந்தார்கள். அவளும் காலையிலேயே சவுனாவை மூட்டி வைத்திருந்தாள். வேறு இடம் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. அந்த ஊரில் பிள்ளை பிறப்பது சவுனாவில், நோயாளியைக் கிடத்துவது சவுனாவில், செத்தவரைக் குளிப்பாட்டுவதும் சவுனாவில். புகையும் சூடும் சேர்ந்து அதைவிடச் சுத்தமான இடம் கிடையாது என்பது அவர்கள் யாரும் யோசித்து முடிவு செய்த விஷயம் அல்ல. மூச்சு விடுவது மாதிரி.

பிள்ளைகளை உட்கார வைத்து, ஆவி ஏற்றி, பூர்ச்ச மரத்து இலைக் கொத்தால் தட்டித் தோலை இளக வைத்தாள். பிறகு இரண்டு கையிலும் இரண்டிரண்டு கீறல். கண்ணாடியில் காய்ந்த பாலை ஒரு சொட்டு நீரில் குழைத்து, கீறலில் தடவினாள். ஒரு பிள்ளைகூட அலறவில்லை. முடிந்ததும் எல்லோரையும் இன்னொரு முறை நன்றாக ஆவியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான நீர் ஊற்றித் துடைத்து அனுப்பினாள்.

ஒரே ஒரு பிள்ளைதான் உள்ளே வரவில்லை. குத்தகைக் குடியானவன் ஈசாக்கியின் மகள் வெண்ட்லா, மூன்று வயது. இருமல் பிடித்திருந்தது, ஆவி பட்டால் மூச்சு முட்டியது. அவளுக்கு மட்டும் வெளியே, துணி மாட்டும் முன்னறையில் குளிரில் நிற்க வைத்துக் குத்த வேண்டியதாயிற்று. “பாவம், இவளுக்கு மட்டும் சரியா அமையலே,” என்று ரீக்கா அவள் தாய் லோவீசாவிடம் வருத்தப்பட்டாள்.

வியாழக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ஐந்தாம் நாளில் கீறிய இடம் சிவந்து எழும்பியிருக்க வேண்டும் என்று ஆபெலி சொல்லியிருந்தார். முதல் வீட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வீட்டில் கீறல் ஆறிப்போய்ச் சின்னக் கோடாகத் தெரிந்தது. பத்து வீட்டிலும் அதே கதை. ஊர்க் கோடியில் ஈசாக்கியின் வீட்டுக்கு அவள் நம்பிக்கையோடு போகவில்லை. வெண்ட்லா சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கையிலும் இரண்டிரண்டு, நடுவில் சிறு குழியோடு, முத்துப் போல நாலு கொப்புளம்.

ரீக்கா அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். பால் கெட்டுப்போயிருந்தால் இவளுக்கும் பிடித்திருக்காது. கத்தி அதே கத்தி, கை அதே கை. பிள்ளைகளில் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருந்தது. நோயாளிப் பிள்ளைக்குத்தான் பிடித்திருக்கிறது. எது வேறு என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைத் தொட மனம் வரவில்லை. தன் தொழிலை, தன் பெயரை, தான் பிறந்த இடத்தை அல்லவா குற்றவாளியாக நிறுத்த வேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் அந்த இடத்தில் பாலைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். ரீக்காவும் கொஞ்ச நேரம் அப்படிச் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

வைரஸ் என்ற பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. பாலில் இருப்பது உயிருள்ள ஒன்று, சூட்டில் சாகும், தண்ணீரில் அடித்துக்கொண்டு போகும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பத்து வெறுங்கைகளிலிருந்து அவளே அதைப் படித்துக்கொண்டாள்.

“சவுனாதான் கெடுத்திருக்கு,” என்று ஆபெலியிடம் போய்ச் சொன்னாள். “அதாவது, நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குவோப்பியோவுல இன்னும் பால் வேணும்னு முன்னமே கேட்டிருந்தேன். ஏரியில பனிக்கட்டி உருகித் திறந்து படகு ஓடற வரைக்கும் அடுத்த பால் கிடையாதுன்னு எழுதிட்டாங்க. இந்தச் சபை முழுக்க இப்போ உயிரோட இருக்கற பால் அந்தப் பொண்ணு கையில மட்டும்தான். எட்டாம் நாள் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு எடுத்து அடுத்த கையில வைக்கணும். விட்டா மறுநாளே கலங்கிடும்.”

“அந்தப் பத்துப் பேருக்கும் அன்னிக்கே வெச்சிடறேன். வெளியில, குளிர்ல.”

ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் ஏரிக்கு நடுவிலிருக்கும் ஹொங்கசாரித் தீவிலிருந்து ஓர் ஆள் பனிக்கட்டி மேல் நடந்து வந்தான். குவோப்பியோ சந்தைக்குச் சறுக்குவண்டி ஓட்டிப் போய் வந்த தானெலி காய்ச்சலில் விழுந்து நாலு நாளாகிறது. இன்று காலை நெற்றியில் சிவப்புப் புள்ளி கண்டிருக்கிறது. முகத்தில் பழைய குழி இருக்கிற ஒரு கிழவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, தன் முகத்துக் குழியைத் தொட்டுக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டாராம்.

தீவில் பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே அம்மை வார்த்தவர்கள். பிள்ளைகள் பத்தொன்பது பேர். பெரியம்மை உடம்புக்குள் நுழைந்து முளைக்கப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். மாட்டம்மை அதைவிட வேகம். மூன்று நாலு நாளுக்குள் பால் வைத்துவிட்டால் பின்னால் புறப்பட்டது முன்னால் போய்ச் சேரும். அதற்குள் ஏரியும் இடம் கொடுக்க வேண்டும். பனிக்கட்டி கறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் நடக்கவும் முடியாது, படகும் போகாது. தீவு இரண்டு வாரம் தனியாகக் கிடக்கும், அம்மையோடு.

“நீ அங்க போனா மாட்டிக்குவே,” என்றார் ஆபெலி. “திறந்த கொப்புளம் ஏரியைத் தாண்டறதுக்குள்ள காய்ஞ்சிடும், ரெண்டு கரைக்கும் ஆகாது. பால் திரும்ப வரணுமே. இங்கே பத்துத் தாய்மாருக்கு நான் என்ன சொல்ல?”

“நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. எப்படின்னும் சொல்லுங்க. பாலைத் திரும்பக் கொண்டு வருவா, வெளியில நின்னு காத்திருக்கச் சொன்னாள்னும் சொல்லுங்க.”

அதற்கு முன் ஒரு சனிக்கிழமையைத் தாண்ட வேண்டியிருந்தது. சனிக்கிழமை சவுனாவுக்குப் போகாத ஆளை அந்தப் பக்கத்தில் காட்ட முடியாது. ரீக்கா காலையிலேயே ஈசாக்கியின் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, புள்ள நாறுது,” என்றாள் லோவீசா. “நாளைக்கு அடுத்தவங்க வீட்டுக்குப் போறா. அழுக்கா அனுப்பினா என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?”

“என்னைப் பத்திப் பேசறதை முடிச்சிட்டுத்தான் உன்கிட்ட வருவாங்க.”

“முகத்தையாவது கழுவட்டா?”

“முகத்தைக் கழுவு. கையைத் தொட்டே, உன் வீட்டுக்கு இனிமே கொம்பு எடுத்துட்டு வர மாட்டேன்.”

வீட்டில் எல்லோரும் சவுனாவுக்குப் போனார்கள். வெண்ட்லா ரீக்காவின் மடியில் உட்கார்ந்து, தன்னை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அழுதாள். கொப்புளம் அரித்தது. சொரியாமலிருக்க அவளுடைய இரண்டு கையையும் ரீக்கா தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள். அவளுக்குப் பாட வராது. பிள்ளை அழுகையை நிறுத்தியது அதனால்கூட இருக்கலாம்.

ஞாயிறு விடிந்ததும் புறப்பட்டார்கள். அடியில் சறுக்குக்கட்டை பொருத்திய படகை ஈசாக்கி பின்னாலிருந்து தள்ளினான். ரீக்கா பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெண்ட்லா நடுவில் ஆட்டுத்தோலுக்குள் கிடந்தாள். பனிக்கட்டி தாங்குகிற இடத்தில் தள்ளுவது, உடைகிற இடத்தில் படகுக்குள் தாவுவது, துடுப்பால் ஊன்றி மறுபடி கட்டிமேல் ஏற்றுவது. மூன்று முறை ரீக்கா இடுப்பளவு நனைந்தாள்.

“அக்கா, நீச்சல் தெரியுமா?” என்றான் ஈசாக்கி.

“தெரியாது. உனக்கு?”

“எனக்கும்தான்.”

“அப்போ பேச்சைக் குறைச்சிட்டுத் தள்ளு தம்பி.”

ஹொங்கசாரியின் பெரிய வீட்டு எஜமானி மத்லீனா கரைக்கே வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, தூரத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முகத்தில் ஒரு குழி கிடையாது. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். பின்னால் அவளுடைய சவுனாவிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“வா ரீக்கா. நனைஞ்சு வந்திருக்கே. கல்லெல்லாம் காய்ஞ்சாச்சு. புள்ளைங்களையும் உள்ள உக்கார வெச்சிருக்கேன்.”

“வெளிய கூப்பிடுங்க எல்லாரையும். தீயை அணைச்சிடுங்க.”

மத்லீனா அவள் முன்னால் வந்து நின்றாள். விருந்தாளிக்கென்று மூட்டிய சவுனாவை வேண்டாம் என்று சொல்வது அங்கே அடிப்பதற்குச் சமம். “என் சவுனா உனக்கு ஆகாதா? அடுத்தவங்க சவுனாவுல சம்பாதிச்சுத் தின்னவதானே நீ.”

“ஆமா. அதனாலதான் சொல்றேன். போன ஞாயிறு என் சவுனாவுல வெச்சுப் பதினோரு பேருக்குப் பண்ணினேன். உள்ள வெச்சுப் பண்ணின பத்துப் பேருக்கும் பிடிக்கலே. வெளிய நிக்க வெச்ச ஒருத்திக்குத்தான் பிடிச்சிருக்கு. இவதான் அவ. தப்பு என்னோடது.”

கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். “பத்து போச்சு, ஒண்ணு நின்னுது,” என்றாள் மத்லீனா. “அதை வெச்சுக்கிட்டு எங்க பத்தொன்பது பேர் கிட்ட வந்திருக்கே. இந்த ஏரி மேல இந்த நேரத்துல நடந்து வந்து, இதைச் சொல்றே.”

“கேக்காமலே சொல்லிட்டேன். நீங்க கேட்டிருந்தா மறைச்சிருப்பேனோ என்னமோ.”

மத்லீனா வெண்ட்லாவைத் தூக்கிச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். நாலு முத்தும் முழுசாகத் திரண்டு, வெளிச்சத்தில் பளபளத்தன. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே தன் வேலைக்காரியிடம், “தீயில தண்ணி ஊத்து,” என்றாள்.

வைக்கோல் கொட்டகையில் காற்று ஊசியாகக் குத்தியது. ரீக்கா கத்தியை எடுத்தாள், வைத்துவிட்டாள். இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. படகில் வரும்போதெல்லாம் அவள் மனதில் உருண்டுகொண்டிருந்தது அதுதான்.

“அம்மா, இந்தத் தீவுல இன்னும் அம்மை வராதவங்க எத்தனை பேர்?”

“பத்தொன்பது புள்ளைங்க. நான்.”

“இருபது பேருக்கும் இன்னிக்கே வெச்சிட்டா, எட்டாம் நாள் இருபது கையும் பழுத்து நிக்கும். எடுத்து வைக்கப் புதுக் கை இருக்காது. ஏரி அப்பவும் திறந்திருக்காது. பால் இங்கேயே செத்துடும். சல்மெலாவுல பத்துப் பேர் வெறுங்கையோட இருக்காங்க. தானெலி சந்தைக்குப் போய் வந்த வழியில எத்தனை ஊர் இருக்கோ.” அவள் நிறுத்தினாள். “ஒருத்தர் காத்திருக்கணும். ஒரு வாரம். பால் இல்லாம. அம்மை பக்கத்து வீட்டுல இருக்கறப்போ.”

தாய்மார்கள் பிள்ளைகளைத் தங்கள் பாவாடைப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஊருக்காக ஒருவரை நிறுத்தி வைக்கலாமா என்பது புத்தகத்தில் எழுதிப் பார்க்கச் சுவையான கேள்வி. அந்தக் கொட்டகையில் அதற்குச் சுவை ஒன்றும் இல்லை. நிற்கப் போகிறவருக்கு ஒரு முகம் இருந்தது.

“எந்தப் புள்ளையைன்னு நீயே சொல்லிடுவியா?” என்றாள் மத்லீனா.

“மாட்டேன். என்னால முடியாது.”

“அப்போ என்னத்துக்கு என்னைப் பாக்கறே? நேரா கேட்டா வாய் வலிக்குமா?” மத்லீனா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். “நான் நிக்கறேன். முதல்ல தானெலி மவளுக்கு வை. அவ அவன் பக்கத்துலதான் படுத்திருந்தா.”

பத்தொன்பது பிள்ளைகளுக்கும் ரீக்கா பால் வைத்தாள். வெண்ட்லாவின் கொப்புளத்தை நுனியால் மெல்லத் திறந்து, கசிகிற தெளிந்த துளியைக் கத்தி முனையில் எடுத்து, அடுத்த கையில். எதையும் கழுவவில்லை, துடைக்கவில்லை. காற்றிலேயே காய விட்டாள். வெண்ட்லா மீன் உள்ளே வைத்துச் சுட்ட ஒரு பெரிய ரொட்டியைத் தின்றுகொண்டே தன் கையை அடுத்தவர் சாமான் மாதிரி வேடிக்கை பார்த்தாள். மாலைக்குள் ஈசாக்கி அவளைப் படகில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். செவ்வாய்க்கிழமை அந்தப் பாதையே இல்லாமல் போய்விட்டது.

மத்லீனா தானிய அறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். புருஷனையும் பிள்ளைகளையும் உள்ளே விடவில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தானெலியைப் பார்த்துக்கொண்டிருந்த ரீக்கா, அந்த அறைக்கு இருபதடி தள்ளி நின்றே பேசினாள்.

“அம்மா, காய்ச்சல் இருக்கா?”

“கோபம்தான் இருக்கு. இன்னிக்கு சனிக்கிழமை. ஊர் முழுக்க சவுனா இல்லாம உக்காந்திருக்கு. என் வீட்டுக்காரர் ஜன்னல் கிட்ட வந்து நின்னு அழாத குறை.”

“இன்னும் ஒரு வாரம்.”

“அவர்கிட்ட நீயே சொல்லு. என்னைக் கட்டினப்போகூட அவர் இப்படித் துக்கப்படலே.” அவள் கதவருகே நெருங்கி வந்த சத்தம் கேட்டது. “ரீக்கா, உனக்கு வந்தப்போ எப்படி இருந்துது?”

“எனக்கு ஒம்பது வயசு. தாகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. தம்பிங்க ரெண்டு பேரும் தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. குடுத்தா முழுங்க முடியலே.”

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மூடிய கதவிடம் சொல்ல முடிந்தது.

இரண்டாவது ஞாயிறு காலை பத்தொன்பது பிள்ளைகளும் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். ரீக்கா ஒவ்வொரு சட்டையாகத் தூக்கினாள். முதல் பிள்ளை: நாலு முத்து. இரண்டாவது: நாலு. மூன்றாவது: மூன்று, அது போதும். ஏழாவது பிள்ளைக்கு வந்தபோது தாய்மார்களே உரக்க எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பதினெட்டுப் பேருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத ஒரு பிள்ளையின் தாய், அவன் முதல் நாளே ஓடிப்போய் ஏரியோரம் கையை விட்டு விளையாடினான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்கு அன்றே மறுபடி வைத்தாள், இம்முறை பிடித்துக்கொண்டது. தானெலியின் மகள் அன்னஸ்தீனாவுக்கு நாலும் பிடித்திருந்தது. பால் எடுத்தது அவள் கையிலிருந்துதான்.

பிறகு மத்லீனா வெளியே வந்தாள். ஒரு வாரத்தில் மெலிந்திருந்தாள். காய்ச்சல் இல்லை, புள்ளி இல்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

“கை நடுங்குது உனக்கு,” என்றாள்.

ரீக்கா தன் கையைப் பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. நடுக்கம் நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு ரீக்கா பால் வைத்தாள்.

அந்த வாரம் அவள் தினமும் இரண்டு வேளை அன்னஸ்தீனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முளைக்கும் நாள் அதுதான். தகப்பனுக்குப் பக்கத்தில் படுத்து, அவன் கிண்ணத்தில் கஞ்சி குடித்த பிள்ளை. திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமை பிள்ளை காய்ச்சல் என்று படுத்தது. ரீக்கா அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. சாயங்காலம் பிள்ளை எழுந்து, திருட்டுத்தனமாகத் தின்ற புளித்த பாலேட்டையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, நன்றாகிவிட்டது. தானெலி பிழைத்தான், ஒரு கண் போயிற்று. அந்தத் தீவில் அந்த வருஷம் பெரியம்மை கண்ட ஒரே ஆள் அவன்தான். அன்னஸ்தீனாவுக்கு ஒரு புள்ளிகூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை தெற்குக் காற்று அடித்தது. சனிக்கிழமை ஏரி முழுக்க நீலமாகத் திறந்து கிடந்தது.

ஞாயிறு படகில் நாலு பேர் துடுப்புப் போட்டார்கள். மத்லீனா நடுவில், பண்டிகைக்கு உடுத்தும் கறுப்புப் பட்டுத்துணி தலையில், இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சல்மெலாக் கரையில் கோயில் விட்டு வந்த கூட்டம் நின்றது. பத்துத் தாய்மாரும் வந்திருந்தார்கள். உபதேசியார் சொல்லியிருந்த மாதிரி வெளியில், காற்றில்.

“இந்தத் தடவை எங்க வெச்சுக் குத்தப் போறே ரீக்கா, ஏரிக்குள்ளயா?” என்று ஒருத்தி கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

“இங்கேயேதான்.”

“இதுவும் பிடிக்கலேன்னா?”

ரீக்கா பதில் சொல்லுமுன் மத்லீனா படகிலிருந்து இறங்கினாள். ஹொங்கசாரி எஜமானி ஊரார் முன்னால் இரண்டு ரவிக்கைக் கையையும் தோள்வரை சுருட்டி யாரும் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்ற கைகளில் நாலு முத்தும் முழுசாகத் திரண்டிருந்தன. அவள் அவற்றைக் கேள்வி கேட்டவளின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“எங்க ஊர்ல பத்தொன்பது புள்ளைங்களுக்கு இப்படிப் பிடிச்சிருக்கு. வந்து எண்ணிப் பாக்கறதுன்னா படகு இருக்கு. இல்லேன்னா புள்ளையைக் கொண்டா. குளிருது எனக்கு.”

அந்தத் தாய்தான் முதலில் வந்தாள். மதியத்துக்குள் பத்துப் பேரும் முடிந்து, கூட்டத்திலிருந்து மேலும் பதினாலு பேர் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதுவரை வைக்கோலில் ஒளித்துவைத்தவர்கள் அதில் பாதிப் பேர். ஆபெலி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து கோணிக்கோணிப் போயிற்று. ஆனால் ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை.

அடுத்த ஞாயிறு இருபத்து நாலு பிள்ளைகளில் இருபத்து மூன்று பேருக்குப் பிடித்திருந்தது. அன்று காலையிலேயே பக்கத்துச் சபையிலிருந்து ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. அங்கே இரண்டு வீட்டில் அம்மை கண்டிருக்கிறது. பால் இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ரீக்கா வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, நன்றாகக் கொப்புளம் திரண்ட ஒன்றையும் அதன் தாயையும் கூப்பிட்டாள். வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்குமா என்று வண்டிக்காரனைக் கேட்டாள். இருக்கும் என்றான். கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறினாள்.